மெர்டேக்கா விளையாட்டரங்கம்

கோலாலம்பூரில், பெட்டாலிங் குன்றின் மேல் அமைந்த திறந்தவெளி விளையாட்டரங்கம். 1956 செப்டம்பர் 25 அன்று வேலை தொடங்கி, 1957 ஆகஸ்ட் 21 அன்று முடிந்தது. 'மெர்டேக்கா' என்ற மலாய்ச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். மலாயாவின் விடுதலை 1957 ஆகஸ்ட் 31 காலையில் இங்குதான் அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் மலேசியக் காற்பந்துக்கும் ஓட்டப் போட்டிகளுக்கும் தலைமை மேடையாக இருந்து, 1998இல் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட பின் அந்த இடத்தை இழந்தது. இடிபடவிருந்த நிலையிலிருந்து தப்பி, இன்று தேசிய மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

மலேசியத் தமிழர் வரலாற்றில் இந்த அரங்குக்குத் தனியிடம் உண்டு. இந்த நாட்டில் நமக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு அரசாங்க அலுவலகங்களில் பதில் கிடைக்காமல் கிடந்த காலத்தில், இந்தப் புல்தரையில் நம் பிள்ளைகள் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதனால் இக்கட்டுரை கட்டடத்தின் கதையோடு, கேமரன் மலை போன்ற தோட்டப்புறங்களிலிருந்து அந்த அரங்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

கட்டடம்

விடுதலை நாள் முடிவானதும், அதை அறிவிக்கத் தகுந்த ஓர் இடம் வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் விரும்பினார். அதுவரை நகரத்தின் பெரிய நிகழ்ச்சிகளெல்லாம் சிலாங்கூர் கிளப் முன்னாலிருந்த பாடாங்கில் நடந்து வந்தன. அது வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய திடல். பிறக்கப்போகும் நாட்டுக்குச் சொந்தமாக ஒரு மைதானம் வேண்டும் என்பது துங்குவின் எண்ணம். பொதுப்பணித் துறையில் இருந்த ஸ்டான்லி ஜூக்ஸ் என்ற கட்டடக்கலைஞரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. கையில் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம்.

குன்றின் வடிவையே அவர் தமக்குத் துணையாக்கிக்கொண்டார். மண்ணைக் குடைந்து ஆடுகளத்தைத் தாழ்வாக வைத்து, சுற்றிலும் இருந்த சரிவின் மீது இருக்கைப் படிகளை அமைத்தார். வெளியிலிருந்து வருகிறவருக்கு அரங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. நுழைவழியைக் கடந்து உள்ளே கால் வைத்ததும்தான் கிண்ணம்போல் கீழே விரியும் பச்சை கண்ணில் படும். நுழைவாயில்களின் மேலே மெல்லிய ஓட்டு வடிவக் கான்கிரீட் கூரைகள். நான்கு மூலைகளிலும் முன்னழுத்தக் கான்கிரீட்டால் ஆன விளக்குக் கோபுரங்கள். அந்த வகையில் உலகிலேயே உயரமானவை என்று அவை அந்நாளில் பெயர் பெற்றன. அரங்கம் முதலில் 20,000 பேரைக் கொண்டது.

பளிங்கும் தூணும் எழுப்பி, அரண்மனைச் சாயலில் கட்டியிருக்கலாம். இங்கே கட்டியவர்கள் கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகவே விட்டார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அரங்கு பழசாகத் தெரிகிறதே தவிரப் பொய்யாகத் தெரியவில்லை என்றால், அந்த முடிவுதான் காரணம்.

1957 ஆகஸ்ட் 31

நள்ளிரவில், சிலாங்கூர் கிளப் பாடாங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. மறுநாள் காலை விழா மெர்டேக்கா அரங்கில். விடியலில் மழை பிடித்துக்கொண்டது. விழா சற்றுத் தாமதமாகத்தான் தொடங்கியது. ஈரப் புல்லின் மேல் அணிவகுப்பு நின்றது. மலாய் ஆட்சியாளர்கள், முதல் மாமன்னராகப் பொறுப்பேற்ற நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான், பிரிட்டிஷ் அரசியின் சார்பில் வந்திருந்த கிளஸ்டர் கோமகன் எல்லாரும் மேடையில் இருந்தார்கள். கோமகன் அதிகாரத்தை ஒப்படைக்கும் ஆவணத்தைக் கொடுத்தார். துங்கு விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். பிறகு வலக்கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். ஒவ்வொரு முறையும் இருபதாயிரம் தொண்டைகள் அதைத் திருப்பிச் சொல்லின. அந்த ஒலிப்பதிவை மலேசியாவில் பள்ளிக்கூடம் போன யாரும் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது.

துங்குவின் அமைச்சரவையில் அப்போது வீ.தி. சம்பந்தன் இருந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955 முதல் மலாயன் இந்தியக் காங்கிரசின் தலைவர். தோட்டப்புற மக்களுக்கு அன்றைய அரசில் இருந்த குரல் அவருடையதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாட்களில், தொழிலாளர்களிடம் மாதாமாதம் சிறு தொகை சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் இவர்.

அந்தக் காலை தோட்டத் தமிழர்களுக்கு என்ன கொண்டுவந்தது என்பதை அரங்கின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. புதிய அரசியலமைப்பின்படி, அந்த ஆகஸ்ட் 31 அன்றோ அதன் பின்னரோ மலாயாவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். அதற்கு முன் பிறந்தவர்களில் மிகப் பலர் விண்ணப்பம் போட வேண்டும். இங்கேயே பிறந்தவரானாலும் முந்தைய 7 ஆண்டில் 5 ஆண்டு இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். ஒரே லயத்து வீட்டில், ஒரு மாதம் முன்பு பிறந்த அண்ணனுக்கு ஒரு சட்டம், ஒரு மாதம் பின்பு பிறந்த தம்பிக்கு வேறு சட்டம் என்று ஆகக்கூடிய நிலை அது.

பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போகிற மக்கள், படிவத்தின் அருமையை உணரப் பல ஆண்டுகள் ஆயின. தோட்டத்துக் கணக்கில் பெயர் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் பலர். பதிவுச் சான்று இல்லாத பிறப்புகள் ஏராளம். இந்தக் கவனக்குறைவின் விலை 1969இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும், ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறித் தாங்கள் பார்த்தே இராத, அல்லது மறந்தே போன ஊர்களுக்குத் திரும்பினார்கள். மெர்டேக்கா முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

தோட்டத்துத் திடல்

மலாயாவின் ரப்பர், தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு ஒரு திடலும் இருந்தது. துரைமார்கள் அதை ஏற்பாடு செய்தது தொழிலாளர் ஓரிடத்தில் அமைதியாக இருக்கவே என்று சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும், மெர்டேக்கா அரங்கில் பின்னால் ஆடிய தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பந்து பழகிய இடம் அப்படிப்பட்ட திடல்களும் பள்ளிக்கூட மைதானங்களும்தான்.

கேமரன் மலையில் திடல் என்பதே கஷ்டப்பட்டுச் சேர்த்த பொருள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு மலைப்பாதை 1931இல் வந்தது. அதற்கு முன்பே, 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். கோவேறு கழுதைகளையும் ஒரு நீராவி உருளை எந்திரத்தையும் கொண்டு காடு திருத்திய கதையை மலையில் இன்றும் சொல்வார்கள். அந்தக் காட்டை வெட்டி, நாற்று நட்டு, நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தேயிலைக்கு வேண்டியது சரிவு. சமமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அங்கே லயம் வரும், தொழிற்சாலை வரும், பள்ளிக்கூடம் வரும். மிஞ்சியதுதான் திடல். அது நீளமாக இருந்தால் அகலம் இராது, அகலமாக இருந்தால் ஒரு மூலை சரிந்திருக்கும்.

மலைத்தோட்டத் திடலில் பந்தாடியவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லத் தேவையில்லை. கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைப் புதருக்குள் விழுந்தால் கையை விட்டு எடுக்கலாம். புதர்களின் மேலே துள்ளிப் பள்ளத்துக்குப் போய்விட்டால் ஆட்டம் அரை மணி நேரம் நின்றுவிடும். பந்து பொறுக்கவென்றே கீழ் நிரையில் ஒரு சிறுவனை நிறுத்தி வைப்பார்கள். அவனுக்கு அணியில் இடம் கிடையாது. ஆனால் அவன் இல்லாமல் ஆட்டமும் கிடையாது. சாயங்காலம் மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் மறையும். காலால் பந்தை உணர்ந்து, குரலைக் கேட்டு ஆள் அறிந்து ஆடுவார்கள்.

இந்த மலையிலிருந்து கோலாலம்பூர் சுமார் 200 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல்தான் முழுமை அடைந்தது. அதற்கு முன் வளைவு வளைவாகத் தாப்பாவுக்கு இறங்கி, பழைய நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பட்டணமாகக் கடந்து போக வேண்டும். 1957இலோ கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி வந்த அவசரகாலச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. 1960 ஜூலை வரை அது நீடித்தது. ஆகவே பெரும்பாலான தோட்ட மக்களுக்கு மெர்டேக்கா அரங்கம் காதால் அறிந்த இடம். வானொலியில் கேட்டார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து சேர்ந்த 'தமிழ் நேச'னில், எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டார்கள். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த அந்த நாளிதழின் விளையாட்டுப் பக்கம், தோட்டத்துப் பையன்கள் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்ட பாடநூல்களில் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

தாப்பாவின் பிள்ளையும் பறக்கும் மருத்துவரும்

1965 டிசம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் முதன்முறையாகக் கோலாலம்பூருக்கு வந்தன. மெர்டேக்கா அரங்கின் ஓடுபாதை அந்த வாரம் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்தது.

ஒருவர் எம். ஜெகதீசன். 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர் மூன்றிலும் தங்கம். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் என்பதால் 'பறக்கும் மருத்துவர்' என்ற பெயர் வந்தது. மறு ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வென்றார். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை 49 ஆண்டு நின்றது. பிறகு வந்த தலைமுறைகளுக்குச் செயற்கை ஓடுபாதை இருந்தது, நல்ல காலணி இருந்தது, முழுநேரப் பயிற்சி இருந்தது. அவ்வளவும் இருந்தும் அரை நூற்றாண்டு அந்த எண்ணைத் தொட முடியவில்லை.

மற்றவர் எம். ராஜமணி. கேமரன் மலைப்பாதை தொடங்குகிற அந்தத் தாப்பாதான் அவருடைய ஊர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிவிட்டு வந்திருந்தார். மெர்டேக்கா அரங்கில் 200, 400, 800 மீட்டர் ஓட்டங்களிலும் தொடரோட்டத்திலுமாக நான்கு தங்கம் வாங்கினார். 1966 ஆசிய விளையாட்டுகளில் 400 மீட்டர் தங்கமும் அவருக்கே. நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருது அந்த ஆண்டு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவர்தான்.

பெண் பிள்ளை ஓடுவதா என்று கேட்ட காலம் அது. அரைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் முன் ஒரு தமிழ்ப் பெண் ஓடுகிறாள், அவள் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது, அவளுக்காகக் கொடி ஏறுகிறது என்ற செய்தி மலைமேலும் வந்து சேர்ந்திருக்கும். தோட்டத்துப் பள்ளிகளின் விளையாட்டு நாட்களில் பெண் பிள்ளைகள் வேகமாக ஓடினால் 'ராஜமணி மாதிரி' என்று சொல்லும் காலம் ஒன்று இருந்தது. விளையாட்டு வரலாற்றில் ஜெகதீசனுக்குக் கிடைத்த பக்கங்களில் பாதிகூட ராஜமணிக்குக் கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் வருத்தம்.

காற்பந்து

அரங்கம் திறந்த அதே 1957இல் மெர்டேக்கா கிண்ணப் போட்டி தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய காற்பந்து அழைப்புப் போட்டிகளில் இது ஒன்று. முதல் ஆண்டு ஹாங்காங் வென்றது. 1958, 1959இல் மலாயா. 1960இல் மலாயாவும் தென்கொரியாவும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்தியா 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் பெற்றது. இந்திய அணி ஆடும் நாளில் தமிழர்கள் எந்தப் பக்கம் கைதட்டுவது என்பது அந்தத் தலைமுறைக்கு ஒரு கேள்வியாக இருந்தது. அதன் பிள்ளைகளுக்கு அது கேள்வியாகவே இல்லை. மலேசியச் சட்டைக்குள்ளேயே நம்முடைய ஆட்கள் இருந்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில் முன்களத்தில் தனபாலன். தற்காப்பில் எம். சந்திரன். எழுபதுகளில் கோல் காவலுக்கு ஆர். ஆறுமுகம். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றது. அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றது. ஆறுமுகத்தின் கைகள் மிக நீளம். மூலைக்குப் போகும் பந்தை உடம்பையே நீட்டித் தட்டிவிடுவார். 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். கோல் காவலர் ஒருவரைப் பார்க்கவென்றே மக்கள் சீட்டு வாங்கிய காலம் அது.

அந்த அணியின் உச்சம் 1980 ஏப்ரல். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டம்; எதிரே தென்கொரியா. ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன் எல்லாரும் களத்தில். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்த நேரத்தில் ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் மலேசியா 2-1 என்று வென்றது. அந்த இரவைப் பற்றி இன்றைய எழுபது வயதுக்காரர்களிடம் கேட்டால், மலாய்க்காரர் ஆனாலும் சீனர் ஆனாலும் தமிழர் ஆனாலும், தாங்கள் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பதிலிருந்து தொடங்குவார்கள். வென்றும் அவர்கள் மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்த அணியின் கதையிலிருந்து பிறந்தது. ஆறுமுகம் அதைப் பார்க்க இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

மலேசியக் கிண்ண இறுதியாட்டங்கள் நடந்த வீடும் இதுதான். கேமரன் மலைக்காரர்களுக்கு அதில் ஒரு தனிக்கதை உண்டு. மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் நெடுங்காலம் மலையிலிருந்து பகாங்கின் மற்ற ஊர்களுக்கு நேர்ச்சாலையே கிடையாது. பேராக்குக்கு இறங்கி, சுற்றித்தான் போக வேண்டும். மாநிலத் தலைநகர் குவாந்தானில் பகாங் ஆடுவதைப் பார்ப்பதைவிட, கோலாலம்பூருக்குப் போய்ப் பார்ப்பது சுலபம். 1983இல் பகாங் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூரை 3-2 என்று தோற்கடித்தது. 1992இல் கெடாவை வென்று மீண்டும் கிண்ணம் வாங்கியது. மாநிலத்தோடு மலைக்கு இருந்த உறவு பெரும்பாலும் காகிதத்தில் இருந்த உறவு. அது உடம்பில் ஏறிய மாலைகள் அவை.

காற்பந்தின் நிர்வாகப் பக்கத்தில் பீட்டர் வேலப்பனையும் சொல்லியாக வேண்டும். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்தார். அந்தக் கூட்டமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரில் வேரூன்றிய காலம் அது.

1975

ஒரே ஆண்டில் உலகம் இரண்டு முறை இந்த அரங்கைத் திரும்பிப் பார்த்தது.

மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி. மலேசியா அரையிறுதி வரை வந்து, கூடுதல் நேரத்தில் இந்தியாவிடம் 3-2 என்று தோற்றது. இன்றுவரை உலகக் கிண்ணத்தில் மலேசியா எட்டிய உயரம் அந்த நான்காம் இடம்தான். மார்ச் 15 அன்று இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது. அசோக் குமார் அடித்த கோல் வெற்றியைக் கொடுத்தது. இந்தியா வென்ற ஒரே உலகக் கிண்ண ஹாக்கிப் பட்டம் அது. அந்த அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.ஜே. பிலிப்சும் இருந்தார்.

ஜூலை 1 அன்று முகம்மது அலி வந்தார். ஜோ பக்னருடன் 15 சுற்று. அமெரிக்காவில் இரவுத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி நேரம் குறித்ததால் இங்கே குத்துச்சண்டை காலையில் நடந்தது. வெயிலும் புழுக்கமும் இருவரையும் வாட்டின. நடுவர்கள் மூவரும் அலிக்கே தீர்ப்பு அளித்தார்கள். அதற்கு முன்பு ஊரெங்கும் அவர் போன இடமெல்லாம் கூட்டம். கறுப்பு நிறத்தவர் ஒருவர், தம் நிறத்தை மறைக்காமல், அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டு உலகத்தின் முதல் வீரராக நின்றார். தோட்டத்துச் சிறு கடைகளின் சுவர்களில் அம்மன் படத்துக்கும் எம்.ஜி.ஆர். படத்துக்கும் பக்கத்தில் அவர் படம் ஏறியது அப்படித்தான்.

மூப்பு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கூட்டம் பெருகியதால் மேலடுக்குகள் சேர்க்கப்பட்டன. 40,000க்கு மேற்பட்டோர் உட்காரலாம் என்றானது. குன்றோடு ஒட்டிக் கிடந்த பழைய கிண்ண வடிவம் அதனால் கெட்டது. 1977இலும் 1989இலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. 1996 அக்டோபரில் மைக்கல் ஜாக்சன் இரண்டு இரவு பாடினார். ஆனால் அதற்குள் அரங்கின் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. 1994இல் ஷா ஆலாமில் மிகப் பெரிய விளையாட்டரங்கம் வந்துவிட்டது. அந்த ஆண்டின் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் அங்கே போய்விட்டது. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புக்கிட் ஜாலில் எழுந்தது. 50 கிலோமீட்டர் நடையில் கோவிந்தசாமி சரவணன் தங்கம் வென்று நாட்டையே அழ வைத்த அந்தப் போட்டிகள் நடந்தபோது, மெர்டேக்கா அரங்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

நகரத்தின் நடுவில் இருந்த அந்த நிலத்தின் மதிப்புதான் அரங்குக்கு எமனாக இருந்தது. தொண்ணூறுகளில் அது தனியார் கைக்குப் போனது. கடைத்தொகுதிகளும் அலுவலகக் கோபுரங்களும் எழுப்பும் திட்டம் தயாரானது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து திட்டத்தை நிறுத்தியது. மரபுக் காப்பாளர்கள் பலர் இந்த அரங்குக்காகக் குரல் கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி உரியது. ஆனால் பணமுடை வராமல் போயிருந்தால் அவர்கள் குரல் போதியிருக்குமா என்பது சந்தேகமே. நிலம் அரசுசார் நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட்டிடம் வந்து சேர்ந்தது. 2003இல் அரங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசிதழில் இடம்பெற்றது.

விடுதலையின் 50ஆம் ஆண்டை ஒட்டிச் சீரமைப்பு நடந்தது. பின்னாளில் ஏற்றிய அடுக்குகளை எடுத்துவிட்டு, 1957இல் இருந்தபடியே மீட்டார்கள். இருக்கைகள் மறுபடி 20,000 ஆயின. இந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் மிக உயர்ந்த விருது கிடைத்தது. சேர்த்ததை எடுத்துக் கட்டடத்தைச் சிறிதாக்கியதற்கு விருது பெறுவது கோலாலம்பூரில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. இளையதான ஷா ஆலாம் அரங்கை 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

உலகத்தில் மெர்டேக்கா அரங்கைவிட மூத்த அரங்குகள் இன்னும் ஆட்டத்தோடு வாழ்கின்றன. பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் அரங்கம் 1912இல் திறந்தது. இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் ஆட்டம் உண்டு. சென்னைச் சேப்பாக்கத்தில் 1916 முதல் கிரிக்கெட் நடக்கிறது. மெர்டேக்கா அரங்கம் காப்பாற்றப்பட்டது நினைவுச் சின்னமாகத்தான், விளையாட்டிடமாக அல்ல. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஓடியிருந்தால் அரங்கின் கதை வேறாக இருந்திருக்கும் என்று இக்கட்டுரையாளர் நினைக்கிறார். விடுதலைக்காகக் கட்டியது ஓர் ஓடுபாதையும் ஒரு பந்துத் திடலும்தானே.

இப்போது

அரங்கை ஒட்டிய நிலத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் எழுந்து நிற்கிறது. உயரம் 678.9 மீட்டர், உலகக் கட்டடங்களில் உயரத்தில் இரண்டாவது. 2024 ஜனவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கையை உயர்த்தி மெர்டேக்கா என்று முழங்கும் துங்குவின் தோற்றத்தை அதன் வடிவம் காட்டுவதாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நகரத்தின் அடையாளமாக இருந்த நான்கு விளக்குக் கோபுரங்களும் அதன் காலடியில் குச்சிபோல் தெரிகின்றன.

பகல் நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தால் கோபுரத்தின் நிழல் புல்லின் மேல் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். உள்ளே வெளியின் இரைச்சல் வருவதில்லை. கிண்ணத்தின் ஆழம் அதைத் தடுத்துவிடுகிறது. படிகளின் கான்கிரீட் விளிம்பு கால் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கிறது.

மலையில் தோட்டத்துத் திடல்களின் நிலையும் மாறிவிட்டது. கொழுந்து பறிக்க இப்போது வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் படித்து, வேலை தேடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். வேலை முடிந்த சாயங்காலத்தில் அந்தப் புதியவர்கள் திடலுக்கு வருகிறார்கள். பந்து புதருக்குள் விழுந்தால், கீழ் நிரையிலிருந்து யாரோ ஒருவர் எடுத்து மேலே வீசுகிறார்.